புகைக்கூண்டு வீட்டில் ஒரு பகல்

நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் ரிஸ்வானா எப்போதும் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவாள். பெண்களுக்கான இருக்கைகளும் அந்தப் பக்கமே இருந்ததால் யாருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை. ஏற்காட்டுக் கடைவீதியான ஒண்டிக்கடைக்கு இரண்டு வளைவுகள் முன்னால், சாலைக்கு மேலே மேட்டில் ஒரு பழைய வீடு வரும். ஊரில் அதற்குப் புகைக்கூண்டு வீடு என்று பெயர். ரிஸ்வானா பிறந்து வளர்ந்த வீடு அது.

திரும்பி வரும்போதுதான் சிரமம். வீடு வலப்பக்கம் வந்துவிடும். அது ஆண்கள் உட்காரும் பக்கம். இருக்கை காலியாகக் கிடந்தாலும் அந்த இரண்டு வளைவுகளையும் தாண்டும்வரை கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றபடி வருவாள்.

"எடம் இருக்குதுல்லங்கக்கா, உக்காருங்க" என்பார் கண்டக்டர்.

"வளைவு போவட்டுங்க. உக்காந்தா தலை சுத்துது" என்பாள். கண்டக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவள் பதில் மட்டும் இருபத்தேழு வருடமாக மாறவில்லை.

மலையில் காப்பித் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய வீடு. கருங்கல் சுவர், மங்களூர் ஓடு, கூரைக்கு மேலே இரண்டு புகைக்கூண்டுகள். சுதந்திரம் வந்த சமயத்தில் துரையின் குடும்பம் கப்பலேறியது. சேலத்திலிருந்து மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்க மலையேறி வந்துகொண்டிருந்த ரிஸ்வானாவின் தாத்தா அதை வாங்கினார். துரை குளிர்காயக் கட்டிய கணப்படுப்புக்குள் தாத்தா மிளகு மூட்டைகளை அடுக்கினார். அதற்குப் பிறகு அந்தக் கூண்டுகள் வழியாகப் புகை போனதே கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த வீட்டுப் பின்புறக் கிடங்குக்கு எஸ்டேட்டிலிருந்து காப்பி மூட்டை கொண்டு வந்த ஜீப் டிரைவர்தான் ஜோஸ்வா. நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த சிங்கராயரின் மகன். தொண்ணூற்றேழில், ரிஸ்வானாவுக்கு இருபத்து நான்கு வயது நடக்கும்போது, இருவரும் சேலத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவளுடைய அத்தா சையத் இப்ராஹிம் சத்தம் போடவில்லை, ஆள் அனுப்பவில்லை. "அவளுக்கு இந்த ஊட்டு வாசல் இனிமே கெடையாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். அவர் சொன்னது சொன்னதுதான்.

சிங்கராயர்தான் அவளை உள்ளே அழைத்தார். "உன் தொழுகைய நீ உட வேண்டாங் கண்ணு. மாதா கோயிலுக்கு வான்னு இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றார். சாகும்வரை அந்த வாக்கைக் காப்பாற்றினார். ஜோஸ்வாவும் நல்லவன். ஒரே மகள் ஸ்டெஃபி படித்து இப்போது கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறாள். நாகலூரில் ரிஸ்வானாவுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டிலேயே தையல் தைத்தாள். துணியும் நூலும் வாங்க வாரத்தில் இரண்டு நாள் ஒண்டிக்கடைக்குப் போய்வந்தாள். அந்த இரண்டு நாட்களைத்தான் மற்ற ஐந்து நாட்களும் எதிர்பார்த்துக் கிடந்தாள்.

பஸ் வளைவில் திணறித் திரும்பும் அந்த அரை நிமிடத்தில் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவும் பார்த்தாள். கொடியில் காய்ந்த துணிகளை வைத்தே அண்ணன் அப்துல் சமதுக்குப் பிள்ளைகள் பிறந்ததைத் தெரிந்துகொண்டாள். முதலில் வெள்ளைத் துணித் துண்டுகள், பிறகு சின்னக் கவுன், அதற்குப் பிறகு அரைக்கால் சட்டைகள். இரண்டாயிரத்து ஒன்றில், பெருமழைக்கு மறுநாள், ஒரு புகைக்கூண்டு இல்லாமல் வீடு மொட்டையாக நின்றதைப் பார்த்தாள். ஒரு மார்கழியில் வாசலில் சாமியானாவும் சீரியல் விளக்குகளும்; அது தம்பி ஹாரிஸின் கல்யாணம்.

எல்லாவற்றையும்விட அவள் கண் போய் நிற்பது வாசலுக்கு இடப்பக்கத்து ஜன்னலில். அது அத்தாவும் அம்மாவும் படுக்கும் அறை. பச்சைத் திரை போட்டிருக்கும். சில நாட்கள் திரைக்குப் பின்னால் நிழலாடுவதுபோல் தோன்றும். அம்மாதான் என்று நினைத்துக்கொள்வாள். அம்மா ஆயிஷாவுக்கு மருதாணிப் பச்சை பிடிக்கும் என்பதால், ஒண்டிக்கடைக்குப் போகும் நாளில் முடிந்தவரை அந்த நிறத்திலேயே சேலை உடுத்துவாள். முகத்தை வெளிப்பக்கம் நன்றாகத் திருப்பி வைத்துக்கொள்வாள். கையசைத்ததில்லை. அதற்குத் தைரியம் வந்ததில்லை.

ஒரே ஒரு முறைதான் அங்கே இறங்கினாள். இரண்டாயிரத்து ஒன்பதில், மேட்டில் தொப்பி போட்ட ஆண்கள் கூட்டமாக நின்றதைப் பார்த்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஓடினாள். கேட்டில் அண்ணன் நின்றான்.

"அத்தா மூஞ்சிய ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேண்ணா."

"காட்டக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு" என்று கேட்டைச் சாத்தினான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. ஜோஸ்வா வந்து கூட்டிப் போகும்வரை அவள் சாலையோரக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா போனது கொரோனா இரண்டாம் அலையில். பஸ்கள் ஓடாத நாட்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் இறந்து அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்ற செய்தி, காய்கறி வண்டிக்காரர் மூலம் நான்காம் நாள்தான் நாகலூருக்கு வந்தது. மறுபடி பஸ் ஓடத் தொடங்கியபோது ஜன்னலில் அதே பச்சைத் திரை தொங்கியது. அம்மாவின் ஞாபகமாக விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அதன் பிறகும் அந்த ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

போன வைகாசியில் ஹாரிஸ் காரில் நாகலூருக்கு வந்தான். அவள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பதினெட்டு வயதுப் பையன். இப்போது முன்மண்டை வழுக்கை. வாசலில் நின்று "அக்கா" என்றான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். காப்பி குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"ஊட்ட விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம்க்கா. அண்ணன் பசங்க ரெண்டு பேரும் வெளியூர்ல. அண்ணனுக்கும் இந்தக் குளிரு ஒத்துக்கறதில்ல, சேலத்துக்கே போயிடலாங்கறாரு. சென்னைக்காரரு ஒருத்தரு கேக்கறாரு. மலையில நூறு வருசத்துக்கு மேற்பட்ட ஊடுங்கள வாங்கி, இடிக்காம, அப்படியே ஹோட்டலாப் பண்றவரு."

"நல்லது."

"பத்திரம் அத்தா பேருலதான் இருக்குது. உன் கையெழுத்தும் வேணும். உன் பங்கு உனக்கு வந்துரும், அதுல ஒண்ணும் பேச்சே கெடையாது."

ரிஸ்வானா காலி டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். "கையெழுத்துப் போடறேன். ஆனா அதுக்கு முன்னால ஒரு நா எனக்கு அந்த ஊட்டுக்குள்ள இருக்கணும். காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும்."

ஹாரிஸ் அவள் முகத்தைப் பார்த்தான். "அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்."

அடுத்த புதன்கிழமை அந்த வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கேட் திறந்திருந்தது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. இருபத்து நான்கு வயதில் ஓடி ஏறிய மேடு. வாசலில் அண்ணி ருக்சானா நின்றிருந்தாள். அண்ணி இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து மூன்றாம் வருடம் ரிஸ்வானா வெளியேறினாள். அந்த மூன்று வருடமும் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

"என்ன அங்கியே நிக்கிறே? உள்ள வா" என்றாள் ருக்சானா. ரிஸ்வானா செருப்பைக் கழற்றினாள். கால் மட்டும் எழவில்லை. ருக்சானா இறங்கி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, குழந்தையை இழுப்பதுபோல இழுத்து உள்ளே கொண்டுபோனாள்.

கூடம் அவள் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னது. கணப்படுப்பைச் செங்கல் வைத்து அடைத்து அதன் முன்னால் டிவி வைத்திருந்தார்கள். தரை மட்டும் பழைய தரை. ஈசானிய மூலையில் ஓடு ஒழுகி விழுந்த தண்ணீரின் கறை அப்படியே இருந்தது. சுவரைத் தொட்டாள். கருங்கல் சில்லென்றிருந்தது. அந்தச் சில்லிப்பை உள்ளங்கை மறக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணன்?"

"கடையில. நீ கெளம்புற வரைக்கும் வர மாட்டேன்னுட்டாரு. உனக்குச் சங்கடமா இருக்குமாம்" என்றாள் ருக்சானா. பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அவருக்குத்தான் சங்கடம்" என்றாள்.

ரிஸ்வானா நேராக வாசலுக்கு இடப்பக்கத்து அறைக்குப் போனாள். பச்சைத் திரை. ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர் ஒன்று, சுவரில் கிரிக்கெட்காரர்களின் படங்கள். கட்டிலைக் காணவில்லை. ஜன்னலருகே போய் நின்றாள். கீழே சாலை வளைவு முழுசாகத் தெரிந்தது. சரியாக அப்போது ஒரு பஸ் வந்தது. ஜன்னலோரத்துப் பெண்கள் ஒவ்வொருவரின் முகமும் தெளிவாகத் தெரிந்தது. அம்மா பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அம்மா கட்டில் எங்க போச்சுங்க அண்ணி?"

"மாமி கட்டிலா? அது இங்க இல்லியே. இது பசங்க படிக்கற ரூமு ஆயி நொம்ப வருசமாச்சு."

"அம்மா இங்கதான படுப்பாங்க?"

ருக்சானா தயங்கினாள். "நீ போன அடுத்த வருசமே மாமி ரூமு மாத்திக்கிட்டாங்க ரிஸ்வானா. அதுக்கப்புறம் மாமா மட்டுந்தான் இங்க படுத்தாரு."

ரிஸ்வானா திரையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருடம். எத்தனை பச்சைச் சேலைகள். அத்தனை நாளும் அவள் முகம் காட்டியது அம்மா இல்லாத ஜன்னலுக்கு, அத்தாவுக்கு. இல்லையென்றால் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு அவள் யாரென்றே தெரிந்திருக்காது.

"எந்த ரூமுக்குப் போனாங்க?"

"உன் ரூமுக்குத்தான்."

கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கடைசியாக இருந்தது அந்த அறை. அந்த ஜன்னலுக்கு வெளியே சாலை கிடையாது. நான்கு ஆரஞ்சு மரங்கள், அப்பால் காப்பிச் சரிவு, அதற்கும் அப்பால் மேகம். சுவரோரம் அம்மாவின் தேக்குக் கட்டில். ரிஸ்வானா அதன் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க மாமி, முன்னாடி ரூமு வெளிச்சமா இருக்குமேன்னு கேட்டேன். பஸ் சத்தம் தாங்கலைன்னாங்க" என்றாள் ருக்சானா, நிலையில் சாய்ந்து நின்றபடி. "உம் பேர அவங்க வாயால எடுத்ததே இல்ல. பொய் சொல்லக் கூடாதுல்ல. நாங்க பேசினாலும் எந்திரிச்சுப் போயிருவாங்க. ஆனா இந்த ரூம மட்டும் யாருக்கும் குடுக்கல. பேத்தி கேட்டு அழுதா, அப்பவும் குடுக்கல."

பஸ் சத்தம் என்று அம்மா எதைச் சொன்னாள்? சும்மா தூக்கம் கெடுகிறது என்று சொன்னாளா? அல்லது ஒவ்வொரு நாகலூர் பஸ்ஸும் அவளை என்னவோ செய்ததா? கேட்க ஆள் இல்லை. ரிஸ்வானா கட்டிலில் மெல்லச் சாய்ந்தாள். கண்ணை மூடியதும் அழுகை வந்தது. ருக்சானா கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பகல் பன்னிரண்டு மணி வாக்கில் ஐஸ்வர்யா என்ற பெண் வந்தாள். வீட்டை வாங்குகிறவர் அனுப்பிய கட்டடப் பொறியாளர். கையில் சின்னக் கருவியோடு ஒவ்வொரு சுவராக அளந்து படம் வரைந்துகொண்டே வந்தவள், கண் வீங்கி உட்கார்ந்திருந்த ரிஸ்வானாவைப் பார்த்து, "நீங்க இந்த வீட்டுக்காரங்கதானே ஆன்ட்டி?" என்றாள்.

ருக்சானா வாயைத் திறப்பதற்குள் ரிஸ்வானா, "ஆமாங்க" என்றாள்.

"ரெண்டு சிம்னின்னு பழைய போட்டோவுல இருக்கு. இன்னொண்ணு எப்ப போச்சு?"

"ரெண்டாயிரத்து ஒண்ணு. ஐப்பசி மழையில."

"அட, நான் இந்த ஊட்டுக்குள்ளயே இருந்தேன், எனக்கு வருசம் ஞாபகமில்ல" என்று சிரித்தாள் ருக்சானா. சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இவளுக்கு அது எப்படித் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

மத்தியானம் இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பழையபடி ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் ரிஸ்வானா ஆரஞ்சு மரங்களுக்கிடையில் கொஞ்ச நேரம் நடந்தாள். ஐந்து மணிக்கு மேட்டை விட்டு இறங்கினாள். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் கட்டிலைத் தரட்டுமா என்று ருக்சானா கேட்டதற்கு, "அது அங்கியே இருக்கட்டுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டாள்.

பத்து நாள் கழித்துப் பத்திர ஆபீஸில் அண்ணனைப் பார்த்தாள். தலை முழுதும் நரைத்து, ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர் சுற்றி, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள், விரல் ரேகை வைத்தார்கள். வெளியே வந்ததும் ஹாரிஸ் காரை எடுக்கப் போனான். ரிஸ்வானா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினாள். பத்தடி போயிருப்பாள், கூடவே யாரோ நடப்பது தெரிந்தது. அப்துல் சமது.

கொஞ்ச தூரம் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். டீக்கடை தாண்டியதும் அவன் நின்றான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வருசமா வெச்சுக்கிட்டிருக்கேன்" என்றான். அவன் சாலையைப் பார்த்துத்தான் பேசினான். "அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்ல, அன்னிக்கு. கார்ல பின்சீட்டுல சாய்ச்சு உக்கார வெச்சு, கதவச் சாத்தப் போறேன். கையப் புடிச்சுட்டாங்க. 'வண்டி நாகலூர் வழியாப் போவுமா சாமி?'ன்னு கேட்டாங்க."

ரிஸ்வானா அவன் பக்கம் திரும்பினாள்.

"அது சேலத்துக்கு எதிர்த்திசைம்மா, போவாதுன்னேன். அப்படியான்னாங்க. அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல." அவன் மப்ளரை இறுக்கிச் சுற்றிக்கொண்டான். "மூச்சு அவ்வளவு மோசமா இல்ல அப்ப. போயிருக்கலாம். காருல இருவது நிமிசம். உன் ஊட்டு வாசல்ல நிறுத்தி ஒரு ஹாரன் அடிச்சிருந்தாப் போதும். எனக்கு என்ன கேக்கறாங்கன்னு புரிஞ்சுது ரிஸ்வானா. புரியாம ஒண்ணும் சொல்லல."

அவள் கேட்டாள். "என்ன கெழம அது?"

"செவ்வாக்கெழம. காலையில ஒம்போது, ஒம்போதரை இருக்கும்."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை. அவள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள்? ஊரடங்கில் வேலை ஏது. வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்திருப்பாள். வாசலிலேயேதான் இருந்திருப்பாள். அவனைத் திட்ட வேண்டும்போல வந்தது. சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல வந்தது. ஆனால் மப்ளருக்குள் அவன் கழுத்து மெலிந்திருந்தது. இதை அவன் சொல்லாமலே சேலத்துக்குப் போயிருந்தால் அவளுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

"கேட்டாங்கல்ல" என்றாள். "அது போதுண்ணா."

போதாதுதான். இருவருக்குமே அது தெரியும். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

வீட்டைக் காலி செய்த அன்று சாமான் ஏற்றிய லாரி சேலம் சாலையில் இறங்க, அப்துல் சமதின் கார் மட்டும் எதிர்த்திசையில் நாகலூருக்கு வந்தது. முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. ருக்சானா முதலில் இறங்கினாள். அண்ணன் காரைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஜோஸ்வா கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போட்டான்.

"வாங்க மச்சான். குளுரு எப்படிங்க அங்க?" என்றான், நேற்றுப் பார்த்துப் பேசியவன்போல.

"இருக்குது" என்றான் சமது. உட்கார்ந்தான். காப்பி வந்தது. மிளகு இந்த வருடம் நோய் தாக்கிப் போனதைப் பற்றி ஆண்கள் பேசினார்கள். ருக்சானா தையல் மெஷினைப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்தாள், ஸ்டெஃபியின் போட்டோவை எடுத்து வெகுநேரம் பார்த்து, "மூக்கு மாமி மூக்கு" என்றாள்.

புறப்படும் நேரத்தில் சமது வாசலில் நின்று ரிஸ்வானாவிடம் கேட்டான். "அன்னிக்கு நான் கூட்டிட்டு வந்திருந்தா, அம்மாவ எங்க உக்கார வெச்சிருப்பே?"

அவள் யோசிக்கவே இல்லை. "இங்க" என்று சமையலறைக் கதவுக்கு வெளியே, சுவர் ஓரத்தைக் காட்டினாள். "காலையில வெயிலு இங்கதான் விழும். பாய் போட்டு, முதுகுக்குத் தலகாணி வெச்சிருப்பேன்."

அவன் தலையை ஆட்டினான். அந்த இடத்தைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனான். "அடுத்த தடவ ரெண்டு நாளு தங்கற மாதிரி வர்றேன்" என்று ருக்சானா காருக்குள்ளிருந்து கத்தினாள்.

கார் மறைந்ததும் ரிஸ்வானா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது; பதினாறு யூனிபார்ம் பாக்கி. ஒரு சட்டைக் கை மட்டும் தைத்திருப்பாள், ஊசி ஓடவில்லை. எழுந்து வெளியே வந்து அந்தச் சுவரோரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். இத்தனை வருடமும் அந்த வீட்டுக்குள் தான் போவதுபோலத்தான் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறாள். அம்மா இந்த வீட்டுக்கு வருவதுபோல ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய ஆசைக்கு இடம் இருப்பதே அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஜோஸ்வா வந்து பார்த்தான். "என்ன, இங்க உக்காந்துட்டே?"

"அம்மாவுக்கு இங்க உக்காந்தா என்னென்ன தெரியும்னு பாக்கறேனுங்க. ரோடு தெரியுது. வேடியப்பன் கடை தெரியுது. அந்தப் பலா மரம், பசங்க வெளையாடறது..."

அவன் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். கழுத்தை நீட்டி அவள் பார்த்த பக்கமே பார்த்தான்.

"கொஞ்சம் சாஞ்சாப்புல பாத்தா செம்மநத்தம் ஊருக்குப் போற ரோடுகூடத் தெரியுதே" என்றான்.